21 நாள் பொறுமை: வீட்டில் முட்டை அடைவைத்தலும் நலிந்த குஞ்சைக் காப்பாற்றுதலும்

கோழி முட்டையொன்று குஞ்சாக 21 நாட்கள் எடுக்கும். இருபது நாட்களை ஒழுங்காகக் கடந்துவந்த குஞ்சுகளில் பல, கடைசி நாளில் ஓட்டுக்குள்ளேயோ வெளியே வந்த சில மணி நேரத்திலேயோ இறந்துபோகின்றன. அவற்றில் ஒரு பகுதியை எவராலும் காப்பாற்ற முடியாது. இன்னொரு பகுதி, பார்த்துக்கொண்டிருந்தவர்கள் இரக்கப்பட்டு அவசரமாக ஓட்டை உடைத்ததால் இறந்தவை. எப்போது கைவைக்கக் கூடாது, எப்போது கைவைத்தே ஆகவேண்டும் என்பதைத் தெரிந்துகொண்டால் வீட்டில் குஞ்சு பொரிக்கவைப்பதில் பாதி வேலை முடிந்துவிடும்.

ஏன் இது எமக்கு முக்கியம்?

வடக்கிலும் கிழக்கிலும் கோழி இல்லாத வளவு முன்பு அரிது. 1995 ஒக்ரோபர் இறுதியில் வலிகாமத்தை விட்டு மக்கள் ஒரே இரவில் வெளியேறியபோதும், பின்னர் வன்னியில் இடம்விட்டு இடம் நகர்ந்தபோதும், கூட்டைத் திறந்துவிட்டு வந்த கோழிகள் ஒவ்வொரு குடும்பத்தின் இழப்புக் கணக்கிலும் இருந்தன. 2009 மே மாதத்தில் போர் முடிந்து, மீள்குடியேற்றம் தொடங்கியபின், வாழ்வாதார உதவி என்ற பெயரில் பல குடும்பங்களுக்குக் கோழிக்குஞ்சுகளும் வழங்கப்பட்டன. தனித்துக் குடும்பத்தைச் சுமக்கும் பெண்ணொருவருக்குப் பத்துக் குஞ்சுகள் சிறிய முதல். அவை முதற் கிழமையிலேயே செத்துவிட்டால் அந்த முதலும் போய்விடும். நட்டம் பட்டியலில் எங்கும் பதியப்படுவதில்லை.

கொழும்பில் நிலைமை வேறு. போர்க்காலத்தில் லொட்ஜ் அறைகளுக்கும் வாடகை வீடுகளுக்கும் வந்து, பின்னர் வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் நிலைத்துவிட்டவர்களுக்கு வளவு இல்லை. தொடர்மாடி வீடும், அதிர்ஷ்டம் இருந்தால் ஒரு மொட்டைமாடியும், சுவரோரத்தில் சிறிய பின்முற்றமும்தான் உண்டு. ஆனால் 2022ஆம் ஆண்டின் பொருளாதார நெருக்கடி பலருடைய பழைய நினைப்பைக் கிளறிவிட்டது. கோழித்தீன் தட்டுப்பாட்டால் பண்ணைகள் கோழிகளைக் குறைத்தன. முட்டை விலை ஏறியது. 2023இல் இந்தியாவிலிருந்து முட்டை இறக்குமதி செய்யும் நிலை வந்தது. வீட்டில் நான்கு பேடு இருந்தால் பிள்ளைகளுக்கு முட்டை வாங்க வேண்டியதில்லையே என்று கணக்குப் பார்த்தவர்கள் பலர். அப்படிப்பட்டவர்களுக்காகவும், ஊரில் உறவினர்களுக்குத் தொலைபேசியில் ஆலோசனை சொல்பவர்களுக்காகவும் இங்கே விபரங்கள் தொகுக்கப்பட்டுள்ளன.

தொடங்குமுன் யோசிக்க வேண்டியவை

பொரிக்கும் குஞ்சுகளில் ஏறத்தாழ அரைவாசி சேவலாகவே இருக்கும். பத்துக் குஞ்சு பொரித்தால் நான்கைந்து சேவல். அவை மூன்று நான்கு மாதத்தில் விடியற்காலை கூவத் தொடங்கும். தொடர்மாடியில் சேவல் கூவினால் அயலவர்கள் முறைப்பாடு செய்வார்கள். ஆகவே முட்டையை வைப்பதற்கு முன்னரே அந்தச் சேவல்களை எங்கே அனுப்புவது என்று முடிவெடுங்கள். ஊரில் உள்ள உறவினர் வளவோ, வத்தளைப் பக்கத்தில் காணி உள்ள நண்பரோ இருந்தால் நல்லது.

தொடர்மாடிகளில் பிராணிகள் வளர்ப்பதற்கு முகாமைத்துவக் குழுவின் விதிகள் இருக்கும். தனிவீடாக இருந்தாலும், உங்கள் பகுதிப் பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடம் கோழி வளர்ப்பதற்கான நிபந்தனைகளைக் கேட்டறிவது பின்னர் வரும் தொல்லைகளைத் தவிர்க்கும். நாற்றம், ஈ, எலி ஆகிய மூன்றும்தான் முறைப்பாடுகளின் வேர். எச்சத்தை நாளாந்தம் அகற்றினால் இந்த மூன்றும் குறையும்.

எந்த முட்டை பொரிக்கும்?

கடையில் வாங்கும் பண்ணை முட்டை பொரிக்காது. முட்டைக்கோழிப் பண்ணைகளில் சேவல் விடுவதில்லை. அந்த முட்டைகளில் கரு இல்லை. எத்தனை நாள் சூடு கொடுத்தாலும் அவை கூழ்முட்டையாகவே முடியும். எட்டு முதல் பத்துப் பேட்டுக்கு ஒரு சேவல் உள்ள இடத்திலிருந்து முட்டை எடுக்க வேண்டும்.

நடுத்தர அளவும், ஒழுங்கான வடிவமும், வெடிப்பில்லாத ஓடும் உள்ள முட்டைகளைத் தெரிவு செய்யுங்கள். அளவுக்கு மீறிப் பெரியவை, கூழாங்கல் போல உருண்டவை, ஓடு மெலிந்தவை வேண்டாம். முட்டையைக் கழுவக் கூடாது. ஓட்டின் மேலுள்ள மெல்லிய பூச்சு கிருமிகள் உள்ளே போவதைத் தடுக்கிறது. கழுவினால் அது போய்விடும். சிறிய அழுக்கை உலர்ந்த துணியால் துடைத்தால் போதும். அதிகம் அழுக்கான முட்டையைச் சமையலுக்கு எடுங்கள்.

ஏறத்தாழ 21 பாகை செல்சியசுக்கு மேல் வெப்பநிலை போனால் கரு மெதுவாக வளரத் தொடங்கிவிடும். கொழும்பில் அறை வெப்பநிலை பெரும்பாலும் 28 பாகைக்கு மேல். அந்த அரைகுறைச் சூட்டில் வளரத் தொடங்கும் கரு நலிந்துபோகும். எனவே குளிர்நாட்டுக் கையேடுகள் சொல்வதுபோல் முட்டையை ஒரு கிழமை, பத்து நாள் என்று அறையில் சேர்த்துவைக்க முடியாது. மூன்று நான்கு நாளுக்குள் அடைவைத்துவிடுங்கள். அதுவரை, மண்பானையில் ஈரமணல் பரப்பி, அதன்மேல் துணி விரித்து, கூரிய முனை கீழே இருக்கும்படி முட்டைகளை அடுக்கி நிழலில் வைக்கலாம். ஊரில் பலகாலமாகச் செய்துவருவது இதுதான். பானையிலிருந்து ஆவியாகும் நீர் உள்ளே குளிர்ச்சியைத் தருகிறது.

யாழ்ப்பாணத்திலிருந்தோ வவுனியாவிலிருந்தோ இரவு பஸ்ஸில் முட்டை வருவதானால், ஒவ்வொன்றையும் தனித்தனியாகக் கடதாசியில் சுற்றி, உமி நிரப்பிய பெட்டியில் கூரிய முனை கீழாக வையுங்கள். வந்தவுடன் அடைவைக்க வேண்டாம். குலுங்கலில் உள்ளிருக்கும் வளியறை இடம் பெயர்ந்திருக்கும். அது அமர்வதற்கு அதே நிலையில் 12 முதல் 24 மணி நேரம் அசையாமல் வையுங்கள்.

அடைக்கோழி கிடைத்தால் அதுவே சிறந்தது

ஊர்க்கோழி நன்றாக அடைகாக்கும். பண்ணைக்கான கலப்பின முட்டைக்கோழிகளில் அந்தக் குணம் பெரும்பாலும் இல்லாமல் செய்யப்பட்டுள்ளது. இறகைச் சிலிர்த்து, கூட்டைவிட்டு எழாமல், கிட்டப்போனால் உறுமிக் கொத்தவரும் பேடு அடைக்குத் தயாராகிவிட்டது என்று அர்த்தம்.

பழைய கடகத்திலோ மரப்பெட்டியிலோ மணலும் வைக்கோலும் பரப்பிக் கூடு செய்யுங்கள். வேப்பிலை சிறிது போட்டால் செள்ளும் பேனும் குறையும் என்பது பெரியவர்கள் சொல்வது. ஊர்க்கோழியின் உடல் பத்து முதல் பன்னிரண்டு முட்டையைத்தான் மூடும். பதினைந்து வைத்தால் ஓரத்து முட்டை மாறிமாறிக் குளிர்ந்து எல்லாமே பழுதாகும். அந்தி சாய்ந்தபின் கோழியை வைத்தால் அது அமைதியாகப் படுத்துவிடும். தண்ணீரும் தீனும் அருகில் இருக்கட்டும். ஒருநாளில் 15, 20 நிமிடம் அது எழுந்து தின்று, குடித்து, எச்சமிட்டு வருவது இயல்பு. அந்த நேரத்தில் முட்டை குளிர்ந்துவிடுமோ என்று பயப்படத் தேவையில்லை.

இடி முழங்கினால் முட்டை கூழாகும் என்று கூட்டில் இரும்புத்துண்டோ கரித்துண்டோ வைப்பார்கள். அதனால் தீங்கில்லை, பயனும் இல்லை. மழைக்காலத்தில் முட்டை பழுதாவதற்குக் கூடு நனைவதும் கோழி வெருண்டு எழுவதுமே காரணம். கூட்டை மழை படாத இடத்தில் வையுங்கள்.

அடைகாப்புப் பெட்டி: சூடு, ஈரலிப்பு, திருப்புதல்

கோழி இல்லாதவர்கள் அடைகாப்புப் பெட்டியை நாடலாம். கடையில் வாங்கியதாக இருந்தாலும், ரெஜிபோம் பெட்டியில் வீட்டிலேயே செய்ததாக இருந்தாலும், அது செய்யும் வேலை ஒன்றுதான். எகிப்தில் இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு மேலாக, வெப்பமானி இல்லாமலே, மண் செங்கல்லால் கட்டிய சூளை போன்ற அறைகளில் ஆயிரக்கணக்கான முட்டைகளைப் பொரிக்கவைத்தார்கள். முட்டையைக் கண்ணிமையில் வைத்துச் சூட்டை அறிந்தார்கள். எங்களிடம் வெப்பமானி இருப்பதால் வேலை இலகு.

சூடு: உள்ளே சிறு விசிறி சுழலும் பெட்டியில் 37.5 பாகை. விசிறி இல்லாத பெட்டியில் மேலே சூடாகவும் கீழே குளிராகவும் இருக்கும் என்பதால், முட்டையின் மேற்பரப்பு மட்டத்தில் 38.5 பாகை. மலிவான வெப்பமானிகள் ஒரு பாகை பிழையாகக் காட்டுவது சாதாரணம். அதைச் சரிபார்க்க, காய்ச்சல் பார்க்கும் வெப்பமானியையும் அதையும் ஒரே இளஞ்சூட்டு நீரில் வைத்து ஒப்பிடுங்கள். இரண்டுக்கும் உள்ள வேறுபாட்டை எழுதி ஒட்டிவிடுங்கள். கூடிய சூடு குறைந்த சூட்டைவிட ஆபத்து. 40 பாகையைத் தாண்டினால் கரு விரைவில் இறந்துவிடும்.

எல்.ஈ.டி. மின்குமிழ் சூடு தராது. உள்ளே இழை உள்ள பழைய வகை மின்குமிழே வேண்டும். அதை ரெஜிபோமிலோ காட்போட்டிலோ முட்டவிடாமல், உறுதியாகப் பொருத்துங்கள். தீப்பிடித்தால் தொடர்மாடியில் அது ஒரு வீட்டோடு நிற்காது.

ஈரலிப்பு: கொழும்புக்காரர்கள் கவனிக்க வேண்டியது இதைத்தான். முதல் 18 நாளும் பெட்டிக்குள் ஈரலிப்பு 50 வீதமளவில் இருக்க வேண்டும், அதற்குத் தண்ணீர்ப் பாத்திரம் வைக்க வேண்டும் என்றே பெரும்பாலான கையேடுகள் சொல்கின்றன. அது குளிரான, உலர்ந்த நாடுகளுக்கானது. கொழும்பு வளி 30 பாகைச் சூட்டில் 80 வீத ஈரலிப்போடு இருக்கிறது என்று வையுங்கள். அதை 37.5 பாகைக்குச் சூடாக்கினால் ஈரலிப்பு ஏறத்தாழ 53 வீதத்துக்கு இறங்கும். தேவையான அளவு தானாகவே வந்துவிடுகிறது. அதன்மேல் தண்ணீரும் வைத்தால் முட்டையிலிருந்து வெளியேற வேண்டிய நீர் வெளியேறாது. வளியறை சிறுத்து, கடைசி நாளில் குஞ்சு ஓட்டுக்குள்ளேயே மூழ்கி இறக்கும். ஆகவே முதல் 18 நாளும், ஈரமானி 45 வீதத்துக்குக் கீழே காட்டினாலன்றித் தண்ணீர் வைக்க வேண்டாம். குளிரூட்டிய அறையில் பெட்டியை வைத்தால் கதை மாறும். 24 பாகை, 55 வீத ஈரலிப்புள்ள வளி, பெட்டிக்குள் சூடேறும்போது 25 வீதத்துக்கு இறங்கிவிடும். அங்கே தண்ணீர் அவசியம்.

இதைச் சரிபார்க்கச் சமையலறை இலத்திரனியல் தராசு போதும். 18ஆம் நாளுக்குள் முட்டை தன் நிறையில் 12 முதல் 14 வீதத்தை இழக்க வேண்டும். 50 கிராம் முட்டை 43, 44 கிராமுக்கு வந்திருக்க வேண்டும். அதைவிடக் குறைவாக இழந்தால் ஈரலிப்புக் கூட, அதிகமாக இழந்தால் ஈரலிப்புக் குறைவு.

திருப்புதல்: ஒரு பக்கம் பெருக்கல் அடையாளமும் மறுபக்கம் வட்டமும் பென்சிலால் இடுங்கள். நாளொன்றுக்கு மூன்று அல்லது ஐந்து தடவை திருப்புங்கள். ஒற்றை எண்ணாக இருந்தால், நீண்ட இரவில் மேலே இருக்கும் பக்கம் நாளுக்கு நாள் மாறும். திருப்பாமல் விட்டால் கரு சவ்வோடு ஒட்டிப்போகும். திருப்புவதற்கு முன் கையைக் கழுவுங்கள்.

மின்சாரம் போனால்

2022 மார்ச் இறுதியில் நாளொன்றுக்கு 13 மணி நேரம்வரை மின்வெட்டு இருந்ததை எவரும் மறந்திருக்கமாட்டார்கள். அதற்கு முன்னரே, 1990 ஜூனில் போர் மீண்டும் வெடித்தபின் ஆண்டுக்கணக்கில் மின்சாரம் இல்லாமல், ஜாம் போத்தல் விளக்கில் வாழ்ந்த குடாநாட்டு மக்களுக்கு இருட்டு புதிதல்ல.

இரண்டு மூன்று மணி நேர மின்வெட்டை முட்டை தாங்கும். முதலில் செய்ய வேண்டியது, பெட்டியைத் திறக்காமல் இருப்பது. வளித்துளைகளை மட்டும் விட்டு, தடித்த போர்வையால் மூடுங்கள். அதற்கு மேல் நீண்டால், சுடுநீர்ப் போத்தலைத் துவாயில் சுற்றி உள்ளே வையுங்கள். முட்டையில் முட்டக் கூடாது. இரண்டு மணிக்கொரு தடவை நீரை மாற்றுங்கள். மண்ணெண்ணெய் விளக்கைப் பெட்டிக்குள் வைக்காதீர்கள். புகை கருவைக் கொல்லும், தீ வீட்டைக் கொல்லும். நீண்ட நேரம் குளிர்ந்துபோன முட்டையையும் உடனே எறியாதீர்கள். சூடேற்றி, நான்கைந்து நாளின் பின் வெளிச்சத்தில் பார்த்து முடிவெடுங்கள். குளிர்ந்த முட்டை ஒருநாள் பிந்திப் பொரிக்கலாம்.

வெளிச்சத்தில் பார்த்தல்

7ஆம் நாளும் 14ஆம் நாளும் இருட்டறையில் கைத்தொலைபேசியின் ரோர்ச் வெளிச்சத்தை முட்டையின் அகன்ற முனையில் பிடியுங்கள். சிலந்திவலை போலச் சிவப்பு நரம்புகளும் நடுவே கரும்புள்ளியும் தெரிந்தால் கரு உயிரோடு உள்ளது. ஒன்றுமில்லாமல் தெளிவாக இருந்தால் அது கருவில்லா முட்டை. நரம்பின்றி ஒரு சிவப்பு வளையம் மட்டும் தெரிந்தால் கரு இறந்துவிட்டது. இவ்விரண்டையும் அகற்றுங்கள். அழுகிய முட்டை பெட்டிக்குள் வெடித்தால் மற்றவற்றுக்கும் கிருமி பரவும். ஐயம் இருந்தால் அடையாளமிட்டு, மூன்று நாள் விட்டுப் பாருங்கள்.

18ஆம் நாளிலிருந்து: கையைக் கட்டிக்கொள்ளும் நேரம்

18ஆம் நாளில் திருப்புவதை நிறுத்துங்கள். இப்போதுதான் தண்ணீர் வைத்து ஈரலிப்பை 65, 70 வீதத்துக்கு உயர்த்த வேண்டும். அதன்பின் பெட்டியைத் திறக்காதீர்கள். திறக்கும் ஒவ்வொரு தடவையும் ஈரமான வளி வெளியேறி, ஓட்டின் உட்சவ்வு காய்ந்து குஞ்சின் மேல் ஒட்டிப்போகும்.

20ஆம் நாளளவில் குஞ்சு அலகால் உட்சவ்வைக் கிழித்து வளியறைக்குள் மூச்சுவிடத் தொடங்கும். காதருகே வைத்தால் கீச்சொலி கேட்கும். பின்னர் ஓட்டில் ஒரு சிறு துளை விழும். அதன்பின் 12 முதல் 24 மணி நேரம் ஒன்றும் நடக்காததுபோல் இருக்கும். பொறுமையிழப்பவர்கள் பிழைவிடுவது இந்த நேரத்தில்தான்.

உண்மையில் அந்த நேரத்தில் மூன்று வேலை நடக்கிறது. நுரையீரல் முழுமையாக இயங்கப் பழகுகிறது. ஓட்டின் உட்புறத்தில் ஓடும் இரத்தம் குஞ்சின் உடலுக்குத் திரும்புகிறது. மிஞ்சிய மஞ்சட்கரு வயிற்றுக்குள் இழுக்கப்பட்டுத் தொப்புள் மூடுகிறது. இவை முடியுமுன் ஓட்டை உடைத்தால் இரத்தம் கசிந்தோ, மஞ்சட்கரு வெளியே தொங்கியோ குஞ்சு இறக்கும்.

எப்போது உதவலாம்?

முதற்றுளை விழுந்து 24 மணி நேரம் கடந்தும் முன்னேற்றமே இல்லை, ஆனால் குஞ்சு அசைகிறது அல்லது கத்துகிறது. துளையைச் சுற்றியுள்ள சவ்வு வெள்ளையாக இல்லாமல் பழுப்பாகக் காய்ந்துவிட்டது. அல்லது அகன்ற முனைக்குப் பதிலாகக் கூரிய முனையில் துளை விழுந்துள்ளது. இவற்றில் ஒன்றிருந்தால் உதவலாம். உதவி என்பது முழுவதையும் உடைத்து எடுப்பதல்ல.

1. கையைச் சவர்க்காரமிட்டுக் கழுவுங்கள். மின்விசிறியை நிறுத்துங்கள்.
2. இளஞ்சூட்டு நீரில் நனைத்த பஞ்சால் காய்ந்த சவ்வை ஈரமாக்குங்கள். குஞ்சின் மூக்குத்துளையில் நீர் படக் கூடாது.
3. துளையிலிருந்து தொடங்கி, வளியறை உள்ள அகன்ற பகுதியின் ஓட்டை மட்டும் நகத்தாலோ சாவணத்தாலோ சிறு சிறு துண்டாக அகற்றுங்கள்.
4. சவ்வில் சிவப்பு நரம்பு தெரிந்தால், அல்லது ஒரு துளி இரத்தம் வந்தால், உடனே நிறுத்துங்கள். பெட்டிக்குள் திருப்பி வைத்து மூன்று நான்கு மணி நேரம் விடுங்கள்.
5. நரம்பு மறைந்து சவ்வு வெண்மையாக இருந்தால், அலகையும் தலையையும் மட்டும் விடுவியுங்கள். கீழ்ப் பாதி ஓட்டைக் குஞ்சே உதைத்து வெளியே வரட்டும். இழுக்காதீர்கள்.
6. தொப்புளில் ஈரம் இருந்தால் பொவிடோன் அயடீன் ஒரு துளி தொட்டுவிடுங்கள். தொங்கும் நூலை வெட்டவோ இழுக்கவோ வேண்டாம். அது காய்ந்து விழும்.

இப்படி எடுத்த குஞ்சுகள் எல்லாம் பிழைக்கும் என்று எதிர்பார்க்க வேண்டாம். தானாக வெளியே வர முடியாதவற்றில் சில, உள்ளே வேறு குறையோடு வளர்ந்தவை.

நலிந்த குஞ்சு: முதலில் சூடு, பிறகு நீர், கடைசியில் தீன்

இந்த ஒழுங்கை மாற்றக் கூடாது. குளிர்ந்த குஞ்சின் குடல் இயங்காது. அதற்குத் தீன் ஊட்டினால் அது உள்ளே புளித்துக் கேடு செய்யும். குஞ்சு சோர்ந்து, கண்மூடி, தொட்டால் குளிராக இருந்தால் முதலில் 35 பாகைச் சூட்டில் மென்மையான துணியில் வையுங்கள். அரை மணியில் பல குஞ்சுகள் எழுந்து கத்தத் தொடங்கும்.

அதன்பின் நீர். ஒரு கோப்பை இளஞ்சூட்டு நீரில் ஒரு தேக்கரண்டி சீனி கரைத்து, அலகின் ஓரத்தில் ஒவ்வொரு துளியாகத் தொடுங்கள். அது தானாக நக்கி விழுங்கட்டும். வாயைத் திறந்து ஊற்றினால் நீர் மூச்சுக்குழாய்க்குள் போய்விடும். சீனி நீர் முதல்நாளுக்கு மட்டுமே. தீனுக்கு அவசரமில்லை. வயிற்றுக்குள் போன மஞ்சட்கரு இரண்டு நாளுக்கு மேல் குஞ்சைத் தாங்கும். ஒருநாட் குஞ்சுகளைப் பெட்டியில் தூர இடங்களுக்கு அனுப்ப முடிவது அதனால்தான்.

அடிக்கடி காணும் குறைகள்:

விரிகால்: கால்கள் இரண்டும் பக்கவாட்டில் விரிந்து எழ முடியாமல் கிடக்கும். வழுக்கும் பத்திரிகைத் தாளில் குஞ்சை விடுவது முக்கிய காரணம். பிளாஸ்ரரை மெல்லிய பட்டியாக வெட்டி, இரு கால்களுக்குமிடையே இரண்டரைச் சென்ரிமீற்றர் இடைவெளி இருக்கும்படி எட்டு வடிவில் சுற்றுங்கள். இறுக்க வேண்டாம். சொரசொரப்பான துணியில் விடுங்கள். முதல் இரண்டு நாளுக்குள் செய்தால் பெரும்பாலும் மூன்று நான்கு நாளில் நேராகும். ஒரு கிழமை தாமதித்தால் பயனில்லை.

சுருண்ட விரல்: விரல்கள் உள்நோக்கிச் சுருண்டிருக்கும். தாய்க்கோழியின் தீனில் விற்றமின் பி2 குறைந்தால் இது வரும். சிறு மட்டையில் விரல்களை விரித்துவைத்துப் பிளாஸ்ரரால் ஒட்டலாம். கோழிகளுக்கான விற்றமின் கலவையைக் குடிநீரில் கொடுங்கள்.

பின்பக்கம் அடைத்தல்: எச்சம் காய்ந்து துவாரத்தை மூடிவிடும். கவனிக்காவிட்டால் ஓரிரு நாளில் குஞ்சு இறக்கும். இளஞ்சூட்டு நீரில் நனைத்து மெதுவாகத் துடையுங்கள். பிய்த்தால் தோல் கிழியும். துடைத்தபின் உலர்த்திச் சூட்டில் விடுங்கள். அடைவைத்த பெட்டியின் சூடு கூடியோ குறைந்தோ இருந்தால் இது அதிகம் வரும்.

தொப்புள் அழற்சி: வயிறு வீங்கி, தொப்புள் நாறும். கிருமி உள்ளே போய்விட்டது. பெரும்பாலும் பிழைக்காது. உடனே பிரித்துவைத்து, மற்றவற்றைத் தொடுமுன் கை கழுவுங்கள். துன்பப்படும் குஞ்சை என்ன செய்வது என்று கால்நடை வைத்தியரிடம் கேளுங்கள்.

முதல் நான்கு கிழமை

முதற் கிழமை 32 முதல் 35 பாகை. பின்னர் கிழமைக்கு மூன்று பாகை வீதம் குறையுங்கள். கொழும்பின் வெக்கையில் இரண்டாம் கிழமையின் பின் பகலில் மின்குமிழ் தேவைப்படாது. இரவிலும் அடைமழை நாளிலும் போட்டால் போதும். வெப்பமானியைவிடக் குஞ்சுகளே நன்றாகச் சொல்லும். மின்குமிழுக்குக் கீழே குவிந்து கத்தினால் குளிர். மூலைக்கு ஒதுங்கி வாய் திறந்து மூச்சு வாங்கினால் வெக்கை. பரவலாகத் திரிந்து, தின்று, படுத்தால் சரி.

தரையில் மரத்தூள் சுருளோ உமியோ பரப்புங்கள். தண்ணீர்த் தட்டில் கூழாங்கற்களைப் போடுங்கள், குஞ்சு மூழ்காது. குஞ்சுத்தீனில் ஏறத்தாழ 20 வீதம் புரதம் உள்ளது. முட்டையிடும் கோழிக்கான தீனில் சுண்ணாம்புச் சத்து அதிகம், அது குஞ்சின் சிறுநீரகத்தைக் கெடுக்கும். குருணலும் தேங்காய்ப்பூவும் மட்டும் கொடுத்தால் வளர்ச்சி குன்றும். ஊரில் குருணலோடு கறையானும் தட்டிப் போடுவார்கள். புரதத்தை அந்தக் கறையான் கொடுத்தது. தீன் வாங்க முடியாவிட்டால் குருணலோடு, உப்பிடாத நெத்தலித் தூளோ அவித்த முட்டையோ சிறிது சேருங்கள்.

நகரத்தில் பருந்தும் கீரியும் குறைவு. காகம், பூனை, எலி ஆகியவைதான் எதிரிகள். எலி இரவில் வந்து குஞ்சை இழுத்துச் செல்லும். கோழிவலையின் கண்ணுக்குள்ளும் சிறு எலி நுழையும் என்பதால் அரை அங்குலக் கண் உள்ள கம்பிவலையே பாதுகாப்பு.

இராணிக்கெட் (நியூகாசில்) நோய் வந்தால் சில நாட்களிலேயே முழுக் கூட்டமும் போய்விடும். மருந்தில்லை, தடுப்பூசி உண்டு. அரச கால்நடை வைத்தியர் பணிமனையில் எந்த நாளில் எதைப் போடுவது என்று கேளுங்கள். இராணிக்கெட்டுக்கான முதற் தடுப்பு மருந்து வழக்கமாக முதற் கிழமையளவில் கண்ணில் சொட்டாக விடப்படும். ஒரு குப்பி நூறு குஞ்சுகளுக்கும் மேல் போதுமானது. எனவே அயலில் கோழி வைத்திருப்பவர்களோடு சேர்ந்து ஒரே நாளில் போட்டால் செலவு குறையும். மருந்தைப் பனிக்கட்டியில் வைத்துக் கொண்டுவாருங்கள். வெயில் பட்டால் அது பயனற்றுவிடும்.

பிள்ளைகள் குஞ்சைத் தூக்கிக் கொஞ்சுவார்கள். நலமாகத் தெரியும் குஞ்சும் சல்மொனெல்லாக் கிருமியைச் சுமக்கலாம். ஐந்து வயதுக்குக் குறைந்த பிள்ளைகளும் நோயாளிகளும் தொடாமல் இருப்பது நல்லது. மற்றவர்கள் தொட்டபின் சவர்க்காரமிட்டுக் கழுவ வேண்டும். பெட்டியைச் சமையலறையில் வைக்காதீர்கள்.

பொரிக்காத முட்டை சொல்லும் செய்தி

22, 23ஆம் நாள்வரை பார்த்தபின் பொரிக்காதவற்றை வெளியே எடுத்து உடைத்துப் பாருங்கள். அருவருப்பான வேலைதான், ஆனால் அடுத்த தடவைக்கான பாடம் அதில் உள்ளது.

எல்லாம் தெளிவாக இருந்தால் சேவலில் குறை. முதற் சில நாளிலேயே பல இறந்திருந்தால், முட்டை வைத்திருந்த இடமோ பயணமோ பிழை. முழுக் குஞ்சு ஈரத்தில் ஊறி இறந்திருந்தால் ஈரலிப்புக் கூட. சவ்வு காய்ந்து ஒட்டி இறந்திருந்தால் ஈரலிப்புக் குறைவு, அல்லது கடைசி மூன்று நாளில் பெட்டியைத் திறந்தது காரணம். 19, 20ஆம் நாளிலேயே பொரித்திருந்தால் சூடு கூட. 22 தாண்டிப் பொரித்திருந்தால் சூடு குறைவு.

அடைவைத்த திகதி, முட்டைகளின் எண்ணிக்கை, சூடு, மின்வெட்டு நேரம், பொரித்தவை, இறந்தவை ஆகியவற்றை ஒரு கொப்பியில் எழுதிவையுங்கள். கருவுள்ள பத்து முட்டையில் ஏழு எட்டுப் பொரித்தால் அது நல்ல பலன். முதற் தடவை நான்குதான் பொரித்தாலும், ஏன் என்று கொப்பி சொல்லும். அந்தக் கொப்பியை ஊரில் உள்ள அக்காவுக்கோ மாமிக்கோ வாசித்துக் காட்டினால், அடுத்த அடையில் அவர்களுடைய குஞ்சுகளும் பிழைக்கும்.